பொதிகைக்கு வந்து சேராத யோகியும் செருப்புத் தைத்த பட்டனும்

ஒருவன் இரவில் தன் வீட்டில் படுத்து உறங்குகிறான். காலையில் கண் விழிக்கும்போது வேறொருவனுடைய உடலில், முன்பின் அறியாத உலகம் ஒன்றில் கிடக்கிறான். தூக்கிப் பார்த்தால் கை தன்னுடையதாக இல்லை. எதிரில் நின்று உரிமையோடு பெயர் சொல்லி அழைப்பவள் யாரென்று தெரியவில்லை. இத்தகைய கதைத் தொடர்களை இன்றைய இளைஞர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். ஜப்பானில் 2004-இல் தொடங்கிய ‘ஷோசெட்சுகா நி நரோ’ என்னும் இணையத்தளத்தில் எழுத்தாளர் அல்லாதாரும் இவ்வகைக் கதைகளை எழுதிக் குவித்தனர். அங்கு 2012-இல் வெளிவரத் தொடங்கிய ‘முஷோகு டென்செய்’ என்ற நெடுந்தொடரில், முப்பத்து நான்கு வயதில் இறந்துபோன ஒருவன் வேறோர் உலகில் குழந்தையாகக் கண் திறக்கிறான். 2016-இல் வந்த ‘கிமி நோ நா வா’ திரைப்படத்தில் நகரத்துப் பையனும் மலையூர்ப் பெண்ணும் அவ்வப்போது ஒருவர் உடலில் மற்றவர் எழுகிறார்கள்.

மேற்கிலும் இது புதிதன்று. ஆன்ஸ்டி என்ற ஆங்கிலேயர் 1882-இல் எழுதிய ‘வைஸ் வெர்சா’ நாவலில் தந்தையும் பள்ளிச் சிறுவனான மகனும் உடல் மாறிக்கொள்கின்றனர். அம்மாற்றத்தைச் செய்வது இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ‘கருடக் கல்’ என்று அவர் எழுதியிருப்பது நோக்கத்தக்கது. இந்த வித்தை எந்தத் திசையிலிருந்து வரும் என்பது குறித்து அவருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

நம்மிடையே இதற்குக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று பெயர். வடமொழியாளர் பரகாயப் பிரவேசம் என்பர். நண்பர்கள் பலரும் இக்கதைகளைத் தனித்தனியே அறிந்திருப்பர். அவற்றை வரிசையாக வைத்து ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உடல் மாறும்போது உள்ளே இருப்பவன் மாறுகிறானா? இக்கேள்விக்குத் தாமிரபரணிக் கரை அளித்த விடை, மற்ற இடங்களில் கிடைத்த விடைகளினின்று பெரிதும் வேறுபட்டது என்பது நம் கருத்து.

வடக்கும் காஞ்சியும்

பதஞ்சலியின் யோக சூத்திரம் மூன்றாம் பாதத்தில், யோகத்தால் கைகூடும் ஆற்றல்களுள் ஒன்றாகப் பிறர் உடலில் புகுதலைக் குறிப்பிடுகிறது. சூத்திரமாக இருந்தது கதையாக மாறியபோது சில விதிகள் தாமாக உருவாயின. மாரிஸ் புளூம்ஃபீல்ட் என்ற அமெரிக்க வடமொழி அறிஞர் இக்கதைகளைத் திரட்டி 1917-இல் விரிவான ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார்.

பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தின் தொடக்கத்திலேயே இப்படி ஒரு கதை உண்டு. குரு தட்சணைக்காக ஒரு கோடிப் பொன் வேண்டி மூன்று மாணாக்கர் நந்த அரசனை நாடிச் செல்கின்றனர். அவர்கள் சேரும் வேளையில் அரசன் இறந்துவிடுகிறான். மூவருள் இந்திரதத்தன் என்பவன் தன் உடலை ஒரு கோயிலில் கிடத்தி, வியாடி என்ற தோழனைக் காவல் வைத்துவிட்டு, அரசனின் உடலில் புகுகிறான். செத்தவன் எழுந்தது கண்டு ஐயுற்ற அமைச்சன் சகடாலன், நாட்டில் கிடக்கும் பிணங்களையெல்லாம் எரித்துவிடுமாறு ஆணையிடுகிறான். இந்திரதத்தனின் உடல் சாம்பலாகிறது. அவன் அரசனாகவே நின்றுவிட நேர்கிறது.

இங்கே அவன் அழுகின்ற அழுகை கவனத்திற்குரியது. பாடலிபுத்திரத்தின் அரியணை கிடைத்திருக்கிறது, கருவூலம் கிடைத்திருக்கிறது. ஆயினும் அந்தணனாகிய தான் சூத்திரனாகிவிட்டோமே என்றுதான் அவன் தோழனிடம் புலம்புகிறான். அரச உடலும்கூட அவனுக்குத் தாழ்ந்த உடலாகவே தோன்றுகிறது. ஆதிசங்கரர் அமருக மன்னனின் உடலில் புகுந்த கதையிலும் அமைச்சர்களின் ஐயமும், பிணங்களை எரிக்கும் ஆணையும் வருகின்றன. அங்கே உடல் எரிந்து முடியுமுன் ஆசாரியர் மீண்டுவிடுகிறார்.

தமிழகத்தில் இப்பொருளைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன வடமொழி நாடகம் ‘பகவதஜ்ஜுகம்’. இதன் ஆசிரியர் போதாயனர் என்று சிலரும், பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் என்று சிலரும் கூறுவர். காஞ்சிபுரத்தை அடுத்த மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டில் ‘மத்தவிலாச’த்துடன் இதன் பெயரும் காணப்படுகிறது. யமதூதன் ஆள் மாறி வசந்தசேனை என்ற கணிகையின் உயிரைக் கொண்டு போய்விடுகிறான். ஐயம் மிகுந்த சீடன் சாண்டில்யனுக்கு யோகத்தின் வலிமையைக் காட்ட எண்ணிய துறவி, கணிகையின் உடலில் புகுந்து எழுகிறார். தவற்றை உணர்ந்து திரும்பிய யமதூதன், அந்த உடலில் வேறு உயிர் இருப்பதைக் கண்டு, கணிகையின் உயிரைத் துறவியின் உடலில் விட்டுவிடுகிறான். பிறகு கணிகை வேதாந்தம் பேசுகிறாள். துறவி மது கேட்டுக் குழைகிறார். கேரளத்துக் கூடியாட்ட மரபில் இந்நாடகம் இன்றும் நடிக்கப்பெறுகிறது.

அந்நகைச்சுவை எதிலிருந்து பிறக்கிறது? உடை மாறினாலும் உடல் மாறினாலும் உள்ளிருப்பவர் அப்படியே இருக்கிறார் என்பதிலிருந்துதான். இதுவே இக்கதைகளின் முதல் விதி.

வழியில் நின்ற பயணம்

தமிழில் கூடு பாய்தல் என்றவுடன் நினைவுக்கு வருபவர் திருமூலர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் அவர் வரலாறு வருகிறது. கயிலையில் நந்தியின் அருள்பெற்ற யோகியார் ஒருவர் தெற்கு நோக்கிப் புறப்படுகிறார். அவர் எங்கே போகப் புறப்பட்டார் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அகத்தியரிடம் கொண்ட நட்பால் அவரோடு தங்கியிருக்க விரும்பி, அவர் உறையும் பொதிய மலையை நோக்கித்தான் யோகியார் நடக்கிறார். அதாவது, தாமிரபரணி பிறக்கும் மலைக்கு வருகிறார். கேதாரம், காசி, திருப்பருப்பதம், காளத்தி, காஞ்சி, தில்லை என்று வணங்கி வந்தவர் காவிரியைக் கடந்து திருவாவடுதுறையை அடைகிறார்.

அங்கேதான் பயணம் நின்றுபோகிறது. சாத்தனூர் ஆயன் மூலன் மேய்ச்சல் புலத்தில் இறந்து கிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சுற்றி நின்று கதறுகின்றன. அவற்றின் துயர் பொறாமல் யோகியார் தம் உடலைப் பாதுகாப்பாக ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடலில் புகுகிறார். பசுக்கள் மகிழ்ந்து மேய்ந்து மாலையில் வீடு திரும்புகின்றன. மீண்டு வந்து தேடினால் தம் உடல் இல்லை. ஆகமப் பொருளைத் தமிழில் சொல்லவைக்க இறைவன் செய்த மறைப்பு என்று புராணம் அமைதி கூறுகிறது. ஆயன் உடலிலேயே அரசமரத்தடியில் அமர்ந்து ஆண்டுக்கு ஒன்றாக மூவாயிரம் பாடல்களை அவர் அருளினார் என்பது மரபு. பொதிகைக்கு அவர் வந்து சேரவே இல்லை.

பசுக்களுக்கும் அரசமரத்துக்கும் இடையில் நடந்த ஒன்றைச் சேக்கிழார் விடாது பாடியிருக்கிறார். பொழுது சாய்ந்தும் கணவன் வரவில்லையே என்று மூலன் மனைவி தேடி வருகிறாள். வழியில் நிற்கும் கணவனைக் கண்டு தொடப் போகிறாள். அவர் விலகி, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று கூறி மடம் ஒன்றில் புகுந்துவிடுகிறார். இரவெல்லாம் உறங்காத அவள் மறுநாள் ஊர்ப் பெரியோரிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, இவர் பற்றறுத்த யோக நிலையில் இருக்கிறார், இனி உன்னோடு வாழ இசையார் என்று கூறி, கலங்கியவளை அழைத்துச் செல்கின்றனர்.

பசுக்களின் துயர் தீர்ந்தது. தமிழுக்குத் திருமந்திரம் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்குக் கணவன் இறந்த செய்திகூடச் சொல்லப்படவில்லை. தன்முன் நிற்கும் உடல் தன் கணவனுடையது என்பது அவளுக்குத் தெரியும். அதனுள் இருப்பவர் யாரென்று தெரியாது. கூடு பாய்கிறவருக்குப் புது வாழ்வு உண்டு. கூட்டுக்கு உரியவனைச் சார்ந்து வாழ்ந்தோருக்கு என்ன உண்டு என்ற கேள்வியைச் சேக்கிழார் எழுப்பவில்லை என்றாலும், அக்கேள்விக்கு உரியவளை நம் கண்முன் நிறுத்திவிட்டார். இதனை அவரது பெருமைகளுள் ஒன்றாகவே நாம் கருதுகிறோம்.

பின்னர் வந்த பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை தமிழ்நாட்டுத் திண்ணைகளிலெல்லாம் படிக்கப்பட்டது. நாடெங்கும் வழங்கிய விக்கிரமாதித்தன் கதைகளுள் பலரறிந்த ஒன்றில், அரசன் கிளியின் உடலில் புகுந்திருக்கும் வேளை பார்த்து, ஒளிந்திருந்து வித்தையைக் கற்ற தச்சன் மகன் அரச உடலில் ஏறிக்கொள்கிறான். அரசிக்கு நடை, பேச்சு, பார்வை எல்லாம் வேறாகத் தெரிகின்றன. அவள் அவனை அண்டவிடுவதில்லை. முடிவில் சூழ்ச்சி செய்து தச்சன் மகனை வேறோர் உடலுக்குள் போகவைத்து அரசன் தன் உடலை மீட்கிறான். அருணகிரிநாதர் பாரிசாத மலர் கொண்டுவரக் கிளியுடலில் புகுந்தபோது சம்பந்தாண்டான் அவர் உடலை எரித்துவிட்டதாகச் சொல்லும் கதையும் தமிழ்நாட்டில் பெருவழக்கு.

இவ்வளவையும் ஒருங்கே நோக்கினால் ஒன்று தெளிவாகிறது. கிளிக்குள் இருந்தாலும் அரசன் அரசனே. அரச உடலில் இருந்தாலும் தச்சன் தச்சனே. ஆயன் உடலில் இருந்தாலும் யோகி யோகியே. கூடு எத்தனை மாறினாலும் பிறப்பால் வந்த தகுதி உள்ளே பத்திரமாக இருக்கிறது. மாயம் நிறைந்த கதைகள்தாம். ஆனால் சமூகத்தின் படிக்கட்டில் ஒரு கல்லைக்கூட அவை அசைப்பதில்லை.

பொதிகையின் அடிவாரம்

திருமூலர் வந்து சேராத மலைக்கு இனி நாம் வருவோம். இவ்விரு இடங்களுக்கும் இடையே எதிர்த்திசையில் நடந்த பயணம் ஒன்றும் உண்டு. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிறுவன் ஒருவன் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்து, சிவஞான முனிவராகி, சிவஞான மாபாடியம் என்ற பேருரையை எழுதி 1785-இல் மறைந்தார். ஆவடுதுறையில் நின்றுவிட்ட யோகிக்கு ஈடாகப் பொதிகை அடிவாரம் ஒரு முனிவரை அனுப்பிவைத்தது போலும்.

அதே அடிவாரத்தில் ஏடறியாத மக்கள் வேறொரு கதையைப் பாடிக்கொண்டிருந்தனர். பாபநாசத்திலிருந்து மலைப்பாதையில் சென்றால் காரையாறு வரும். அங்கே, இன்றைய களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உள்ளே, சொரிமுத்து ஐயனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து ஆற்றங்கரையில் குடில் கட்டித் தங்குவர். சிங்கம்பட்டி ஜமீனின் கடைசிப் பட்டம் 2020-இல் மறையும்வரை அத்திருவிழாவில் அரச உடையில் காட்சி தருவது வழக்கமாக இருந்தது. அக்கோயில் வளாகத்தில் பட்டவராயன் சன்னிதி ஒன்று உண்டு. இரு மனைவியரோடு நிற்கும் அவனுக்கு நேர்ச்சையாக மக்கள் கொண்டுவருவது தோல் செருப்பு. அவை அடுத்த ஆண்டில் நடந்து தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. கோயிலுக்கு வெளியே கழற்றிவிடும் பொருளையே தெய்வத்துக்குக் காணிக்கையாக இடும் சன்னிதி இது. ஏன் என்பதற்கு விடை முத்துப்பட்டன் கதையில் இருக்கிறது.

முத்துப்பட்டன் அந்தணக் குடியில் பிறந்தவன். அண்ணன்மாருடன் பிணங்கி மலைக்கு மேற்கே கொட்டாரக்கரை சென்று சேவகம் புரிகிறான். அண்ணன்மார் தேடிச் சென்று அவனை அழைத்துக்கொண்டு திரும்பும் வழியில், காட்டில் இரு பெண்கள் பாடும் குரல் அவன் காதில் விழுகிறது. பொம்மக்கா, திம்மக்கா என்ற அவ்விருவரும் வாலப்பகடையின் மக்கள். இன்று அருந்ததியர் என வழங்கும் குடியினர். தோல் தொழிலும் மாட்டுக் காவலும் அவர்கள் பிழைப்பு. பெண் கேட்டுச் சென்ற முத்துப்பட்டனிடம் வாலப்பகடை மறுத்துப் பார்க்கிறான். பிறகு ஒரு நிபந்தனை வைக்கிறான்: பூணூலை அறுக்க வேண்டும், குடுமியைக் களைய வேண்டும், செருப்புத் தைக்கக் கற்றுக் கொண்டு வர வேண்டும்.

அண்ணன்மார் அவனைக் கல்லறையில் பூட்டுகின்றனர். அவன் தப்புகிறான். பூணூலையும் குடுமியையும் களைந்து, தோலை அறுத்து, ஊசி கோத்து, தைத்த செருப்போடு வாலப்பகடை முன் வந்து நிற்கிறான். மணம் நடக்கிறது. அச்சூடு ஆறுமுன்னே மாடு கவரும் கூட்டத்தார் மந்தையை ஓட்டிச் சென்றதாகச் சேதி வருகிறது. மாமனாரின் காவல் இப்போது அவன் காவல். புறப்பட்டுச் சென்று பகைவரை வென்று மந்தையை மீட்கிறான். ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்த, ஆற்றோரம் விழுந்து சாகிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் சிங்கம்பட்டித் தலைவனிடம் சென்று, தீப்பாய அனுமதி கேட்கின்றனர். அவன் தடுத்துப் பார்க்கிறான். முடிவில் இருவரும் கணவனுடன் தீயில் புகுகின்றனர்.

இக்கதையைத் திருமூலர் கதையோடு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் மேலோர் எனப்பட்ட ஒருவர் மாடு மேய்ப்பவரின் வாழ்வுக்குள் புகுகிறார். இரண்டிலும் திரும்பிச் செல்லும் வழி அடைபடுகிறது. ஆனால் யோகியின் வழியை அடைத்தது இறைவன். பட்டன் தன் வழியைத் தன் கையாலேயே அறுத்துக்கொள்கிறான். யோகி உடலை மாற்றிக்கொண்டு தம் அறிவை அப்படியே வைத்துக்கொண்டார். பட்டனுக்கு உடல் அதே உடல்தான். அதனுள் இருந்தவன்தான் மாற வேண்டியிருந்தது. தீண்டத் தகாதது என்று பழகிய தோலைத் தொட அவன் விரல்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மந்திரமும் இல்லை, மூச்சடக்கும் யோகமும் இல்லை. அவனிடம் இருந்தது ஓர் ஊசி மட்டுமே. அரியணையில் அமர்ந்தும் அந்தணத் தன்மை போயிற்றே என்று அழுத இந்திரதத்தனை இங்கே நினைத்துக்கொண்டால் இக்கதையின் துணிவு விளங்கும்.

கதைக்குள் புகுந்த கதை

இத்துணிவைக் கதை வழங்கிய சமூகம் முழுமையாகத் தாங்கிக்கொள்ளவில்லை. முத்துப்பட்டன் கதையை அச்சில் கொண்டுவந்து ஆராய்ந்தவர் நா. வானமாமலை (1917–1980). நாங்குநேரியில் பிறந்து பாளையங்கோட்டையைக் களமாகக் கொண்டு உழைத்த அவர், நெல்லை ஆய்வுக் குழுவை நிறுவியவர்; ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தியவர். அவர் பதிப்பித்த ‘முத்துப்பட்டன் கதை’யை 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கதையின் சில வடிவங்களில், பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் அந்தணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு பிறப்புக் கதை வருகிறது. இது பின்னாளில் நுழைந்தது என்பது நா. வா.வின் முடிவு.

அப்பிறப்புக் கதை என்ன செய்கிறது என்று சற்று எண்ணிப் பார்க்கலாம். பட்டன் அறுத்த பூணூலை அது மெல்ல முடிந்து வைக்கிறது. அவன் மணந்தது தன் குலத்துப் பெண்களையே. அது அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்று கேட்போரை ஆற்றுகிறது. கிளிக்குள் அரசன் இருந்ததுபோல் அருந்ததியர் வீட்டுப் பெண்ணுக்குள் அந்தணப் பெண்ணை ஒளித்து வைக்கிறது. கூடு பாய்தலின் பழைய விதி வேறோர் உருவில் திரும்பி வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இது இக்கதைக்கு மட்டும் நேர்ந்ததன்று. மதுரைவீரன் காசி அரசனின் மகன், தோல் தொழிலாளர் அவனை எடுத்து வளர்த்தனர் என்று கதை கூறுகிறது. ஆரியமாலையைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயனுக்கும் தெய்வப் பிறப்பு ஏற்றப்பட்டிருக்கிறது. மேலிருந்து கீழிறங்கிய முத்துப்பட்டன் பகைவன் கத்தியால் செத்தான். கீழிருந்து மேல்நோக்கிக் காதலித்த இருவரோ ஆணையின் பேரில் தண்டிக்கப்பட்டுச் செத்தனர். ஒருவனுக்கு மாறுகால் மாறுகை, மற்றவனுக்குக் கழுமரம். செத்த பிறகு அவர்களுக்கு உயர்ந்த பிறப்பு வழங்கப்பட்டது. உயிரோடு இருந்தபோது வழங்கியிருந்தால் கதையே நடந்திராது.

வகுப்பறையில் இக்கதையைக் கூறும்போது நாம் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. “அந்தப் பெண்கள் நிஜமாகவே யார் ஐயா?” என்று மாணவர் கேட்பர். பட்டன் நிஜமாகவே செருப்புத் தைத்தானா என்று எவரும் கேட்பதில்லை. பிறப்பில்தான் நிஜம் இருக்கிறது, கையின் உழைப்பில் இல்லை என்ற எண்ணம் நம்முள் எவ்வளவு ஆழ்ந்து கிடக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இக்கதையை நாம் மாசற்றதென்று போற்றவில்லை. மூலன் மனைவி ஊர்ப் பெரியோர் முன் நின்றாள். பொம்மக்காவும் திம்மக்காவும் சிங்கம்பட்டித் தலைவன் முன் நின்றனர். இரு கதைகளிலும் ஆண் வேறொரு வாழ்வுக்குள் புகுகிறான்; அதன் விலையைப் பெண் செலுத்துகிறாள். ஒருத்தி உயிரோடு தனித்துவிடப்பட்டாள். மற்ற இருவர் நெருப்பில் இறங்கினர். பூணூலை அறுக்கத் துணிந்த கதை, உடன்கட்டையை அறுக்கத் துணியவில்லை.

இறந்தவன் கண் விழிக்கும் இடம்

இவ்வாற்றங்கரையில் கூடு பாய்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு இரவெல்லாம் நடக்கும். தெய்வமாக நிற்போர் பலரும் ஒரு காலத்தில் இந்நிலத்தில் வாழ்ந்து, அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள். புலவர் அவர்கள் கதையைப் பிறப்பிலிருந்து பாடிக்கொண்டு வர, சாவு நெருங்க நெருங்க வில்லின் வேகம் கூடும்; உடுக்கும் குடமும் முழங்க, சாமிகொண்டாடியின் உடலில் தெய்வம் வந்திறங்கும். இம்மரபை ஆராய்ந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூல், பாடப்படும் சாவுக்கும் சாமி வருவதற்கும் உள்ள நெருக்கத்தை விரிவாகக் காட்டுகிறது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் இவ்வாட்டத்தைக் கண்டு 1849-லேயே எழுதினார்; சமய போதகரான அவர் கண்ணுக்கு அது பேயாட்டமாகத் தெரிந்தது.

நம் பொருளை ஒட்டி நோக்கினால் இது தலைகீழான கூடு பாய்தல். இங்கே உயிருள்ளவன் பிணத்துக்குள் போவதில்லை. செத்தவன் உயிருள்ளவனுக்குள் வருகிறான். வஞ்சமாகக் குத்துண்டு விழுந்த ஒருவன், ஆண்டுக்கொருமுறை, தன்னை அறியாத ஒரு காலத்தில், ஒரு விவசாயியின் உடலிலோ கூலித் தொழிலாளியின் உடலிலோ கண் விழித்து, சுற்றிலும் நிற்போரை உற்று நோக்கி, குறை கேட்டு, குறி சொல்லி, தனக்குரிய மரியாதையைப் பெற்றுக்கொண்டு விலகிச் செல்கிறான். வேறு உலகில் விழித்தெழுவது பற்றிய கதைகளில் விழிப்பவனுக்கு வியப்பு உண்டு. இங்கே விழிப்பவனுக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இதன் செவ்வியல் வடிவத்தையும் இதே ஆறு அறியும். கீழ்க்கரையில் ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் பாடிய திருவாய்மொழியின் ஐந்தாம் பத்து, ஆறாம் திருமொழியில், தாய் ஒருத்தி தன் மகளின் நிலையைச் சொல்லித் திகைக்கிறாள். உலகைப் படைத்ததும் இடந்ததும் நானே என்று அந்தப் பெண் பேசுகிறாள்; மகளுக்குள் திருமால் வந்து புகுந்தானோ என்று தாய் ஐயுறுகிறாள். ஆண் கவி ஒருவர் தாயாகி நின்று, மகளுக்குள் புகுந்த இறைவனின் பேச்சைச் சொல்கிறார். எத்தனை கூடு, எத்தனை பாய்ச்சல்! மலையடிவாரத்துச் சாமிகொண்டாடிக்கும் குருகூர்ப் புளியமரத்தடிக்கும் இடையே மொழியில் பெருந்தொலைவு உண்டு. தன் உடலைப் பிறிதொன்றுக்கு இடமாகத் தருதல் என்ற அடிப்படையில் அத்தொலைவு மிகக் குறைவே.

இக்கரையில் வளர்ந்த புதுமைப்பித்தன் இம்மரபின் வாடையை நன்கு அறிந்தவர். உடலை இழந்து உடலுக்காக ஏங்கும் உயிரை அவர் ‘பிரம்ம ராக்ஷஸ்’ கதையில் படைத்தார். மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைனைப் ‘பிரேத மனிதன்’ எனத் தமிழில் தந்தார். பிணங்களின் உறுப்புகளால் ஆன உடலில் கண் விழிக்கும் ஒன்றின் கதை நெல்லைக்காரர் ஒருவரை ஈர்த்ததில் வியப்பில்லை.

இன்றைய தொடர்களுக்கு வருவோம்

இப்போது வரும் பெரும்பாலான தொடர்களில் வேறு உலகில் விழிக்கும் நாயகனுக்கு ஒரு வசதி உண்டு. பழைய வாழ்வின் அறிவு முழுவதும் அவனிடம் இருக்கும். அதைக் கொண்டு புது உலகத்தாரை வெல்வான், ஆள்வான், அவர்கள் வியக்க வாழ்வான். 1889-இல் மார்க் ட்வைன் எழுதிய நாவலில், ஆர்தர் மன்னன் காலத்தில் கண் விழித்த அமெரிக்கன் செய்ததும் இதுவே. அது பேரழிவில் முடிவதையும் ட்வைன் காட்டியிருக்கிறார். கிளிக்குள் இருந்த அரசனின் வாரிசுகளே இந்நாயகர்கள். இவற்றைப் படிப்பதில் இன்பம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. யாருக்குத்தான் ஒருநாள் வேறொருவராக விழித்தெழும் ஆசை இல்லை? ஆனால் அவ்வாசையின் உள்ளே, நான் மாறாமல் என் நிலைமை மட்டும் மாற வேண்டும் என்ற கள்ளம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

முத்துப்பட்டன் தன்னோடு கொண்டுபோன அறிவு புது உலகில் எதற்கும் உதவவில்லை. அங்கே அவனுக்கு ஆசிரியன் வாலப்பகடை. மாணவனாக உட்கார்ந்து, தோலின் மணம் கையில் ஏற, முதல் செருப்பைத் தைத்து முடித்த பிறகே அவ்வுலகின் கதவு அவனுக்குத் திறந்தது. இன்னொருவர் வாழ்வுக்குள் புகுவதென்றால் அவரிடம் கற்க வேண்டும் என்பதை, யோக நூல்கள் எழுதாத ஒன்றை, இவ்வடிவாரத்து வில்லுப்பாட்டு கூறிவிட்டது.

பாபநாசம் செல்லும் நண்பர்கள் அகத்தியர் அருவியோடு திரும்பிவிடாமல் காரையாறு வரை செல்ல வேண்டும் என்பது நம் வேண்டுகோள். பட்டவராயன் சன்னிதியில் தொங்கும் செருப்புகளை நின்று பார்க்க வேண்டும். அவற்றைக் கொண்டுவந்து கட்டுவோரில் எல்லாச் சாதியாரும் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் தம் வீட்டுக்குள் ஒரு வாலப்பகடையை வரவேற்று உட்காரவைப்பர் என்பதே அச்செருப்புகள் நம்மிடம் கேட்கும் கேள்வி.